பஞ்சு விட்ட கொட்டாவி

அத்தியாயம் 6

வெல்டர் வீட்டு வாசலில் இரண்டு இரும்புக் கதவுகள். முதல் கதவைத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்தித் தாழ் போட்டால்தான் இரண்டாவது கதவு திறக்கும். நான் இரண்டையும் சேர்த்துத் திறந்துவிடுவதாகச் சவால் விட்டேன். இழுத்தேன், உதைத்தேன், தோளால் முட்டினேன். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கம்பிகளுக்கு வெளியே மேடத்தைப் பார்த்து இளித்தேன்.

"நல்லாப் பொருந்துது. அப்படியே இரு, ஊருக்கு நல்லது" என்றார் மேடம்.

மேடத்துக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தைந்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் மனுக்களைத் துருவிக்கொண்டிருந்தவர். அலுத்துப்போய் வெளியே வந்து சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். அங்கேயும் அதே பொய்கள்தான், நாற்காலி மட்டும் வேறு. வலது முழங்காலில் தேய்மானம், மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கையில் அதைவிடத் தேய்மானம். நான் அவருடைய உதவியாளன், ஸ்கூட்டர் டிரைவர், டீ வாங்கி வருபவன், திட்டும் வாங்குபவன். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் வாயாடி.

ஒரு கிடங்கு தீப்பிடித்த வழக்குக்காகப் பத்து நாள் அலைந்து முடித்து, ஒரு நாளாவது தூங்கலாம் என்று ஆபீஸ் ஷட்டரை இறக்கும்போதுதான் இந்த வெல்டர் வந்து நின்றார். அவருடைய நாயின் பெயர் சுத்தியல். ராட்வைலர் இனம். நான்கு நாட்களுக்கு முன்பு, பக்கத்து வீட்டு நாலு வயதுக் குழந்தையின் கன்னத்தைச் சுத்தியல் கடித்துவிட்டதாகக் குழந்தையின் அம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். நகராட்சி வண்டி வந்து நாயைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இன்று மாலை ஐந்து மணிக்கு அதைக் கொல்லும் ஊசி. புகாரில் கையெழுத்துப் போட்ட அம்மாவே நேரில் வந்து வாபஸ் வாங்கினால் ஒழிய நிறுத்த முடியாது என்று காப்பக டாக்டர் கையை விரித்துவிட்டார். இப்போது மணி இரண்டரை.

"கதவைத் திறந்துபோட்டுட்டு நீங்க வேலைக்குப் போயிட்டீங்கன்னு புகார்ல இருக்கு" என்றார் மேடம்.

"திறந்துபோட முடியாதுங்க. ஒண்ணு திறந்திருந்தா இன்னொண்ணு திறக்காது. அப்படித்தான் பத்தவெச்சிருக்கேன்." வெல்டர் கதவை அசைத்துக் காட்டினார். பெரிய உடம்பு, சின்னக் குரல். "எத்தனை பேர் வந்தாங்க, எழுதிக்கிட்டுப் போனாங்க. ஒருத்தராவது இதைத் தொட்டுப் பாக்கல."

"உங்க நாய் தங்கமான நாய், ஒரு ஈயைக்கூடக் கடிக்காதுன்னு நாலு பேரைச் சொல்லச் சொல்லலாமே" என்றேன் நான்.

"எதுக்குங்க பொய்? அது கடிக்கும்."

மேடம் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அதோட தாடையைப் பாத்திருக்கீங்களா? புடிச்சா விடாது. அந்தக் குழந்தைக்கு நாலே தையல். சுத்தியல் கடிச்சா அதோட முடியுமா?" இதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. "அக்கா பையன் வந்தா, இதை உள்ள பூட்டிட்டுத்தான் அவனை வண்டியிலிருந்து இறக்குவேன். வெளிய போனா வாய்க்கூடு. எனக்கு அது மேல உசுருங்க. அதனாலதான் இவ்வளவு பூட்டு."

மேடம் திரும்பினார். பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தார். ஆள் உயரச் சுவர், ஓர் ஓட்டை கிடையாது. அதற்கு மேலே ஒரு பெரிய போர்டு தெரிந்தது. பொன்னிற நாய் ஒன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, ஒரு குழந்தை சிரித்தது. கீழே எழுத்து: 'கோல்டன் ரெட்ரீவர் குட்டிகள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் குழந்தையோடு விடலாம்!'

"வாயாடி, கடிக்கும்னு தெரிஞ்சவர் வீட்ல ரெண்டு கதவு. கடிக்கவே கடிக்காதுன்னு போர்டு வெச்சவர் வீட்ல எத்தனை இருக்கும்?" என்றார் மேடம்.

"போர்டுல இருக்கறது..."

"கடிபட்ட குழந்தை. வா, குட்டி வாங்கப் போவோம். நீ என் தம்பி."

"உங்களுக்குத் தம்பியாகற அளவுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கப்போற."

பக்கத்து வீட்டில் ஒரு கதவும் இல்லை. ஒரு சின்ன மூங்கில் தட்டி, அதுவும் திறந்தே கிடந்தது.

நாய்களை வளர்த்து விற்கும் அந்தப் பண்ணைக்காரர் முப்பத்தைந்து வயதுக்காரர், பார்த்தவுடனே பிடித்துப்போகும் முகம். கூடத்தில் உட்காரவைத்தார். மூலையில் வலை போட்ட பெட்டிக்குள் ஏழு குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. மூன்று வாரம் இருக்கும்.

"வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?" என்று அட்டையில் கவ்விய படிவக் கட்டை நீட்டினார். "இதை மட்டும் பூர்த்தி பண்ணிடுங்க. எந்த வீட்டுக்குப் போகுதுன்னு தெரியாம நான் குட்டி குடுக்கறதில்ல."

"இவனுக்கு ரெண்டு வாண்டு. ரெண்டும் இவனை மாதிரியே. அதுங்ககிட்டேருந்து நாய் பத்திரமா இருக்குமா?" என்றார் மேடம்.

அவர் சிரித்தார். "இந்த இனம் கடிக்கிறது கிடையாதும்மா. ரத்தத்துலயே இல்ல. பக்கத்து வீட்டு ராட்சசன் மாதிரி இல்ல. அதால என் பொண்ணு முகத்துல நாலு தையல்." குரல் உண்மையாகவே தழுதழுத்தது. அதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது. பொய் சொல்கிறவர்களுக்கும் வலிக்கத்தான் செய்யும் என்பது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு மறந்து மறந்து போகிறது.

நான் சமையலறை ஜன்னலைப் பார்த்தேன். கம்பித் தட்டில் பால்புட்டிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஏழு.

"அடடே, கைக்குழந்தையும் இருக்கா? அதுவும் ஏழு புட்டிக்கு! வாழ்த்துகள் சார், நீங்க மனுஷனே இல்ல" என்றேன்.

"அது குட்டிங்களுக்கு சார்."

"அம்மா இருக்கறப்ப புட்டி எதுக்கு?" மேடம் படிவத்தில் பெயர் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"பால் பத்தலம்மா."

"அம்மாவை ஒரு பார்வை பாத்துக்கறேனே. குட்டி வாங்கறதுக்கு முன்னாடி அம்மா குணத்தைப் பாருன்னு சொல்வாங்க."

"பஞ்சுவா? அது... லேசா காய்ச்சல். டாக்டர்கிட்ட விட்டிருக்கேன்."

அவருடைய போன் அடித்தது. காப்பாற்றப்பட்டவர் போல எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். மேடம் தான் எழுதிய தாளைத் தூக்கி அடியில் இருந்த தாளைப் பார்த்தார். கிட்டக் கொண்டுபோய்ப் படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

முந்தாநாள் தேதி. யாரோ அழகான கையெழுத்தில் பூர்த்தி செய்திருந்தார்கள். குட்டியா, வளர்ந்ததா என்ற இடத்தில்: வளர்ந்தது, பெண். வீட்டில் குழந்தைகள் உண்டா என்ற இடத்தில்: உண்டு, ஒன்று. வயது: ஒன்பது மாதம்.

"இங்க வளர்ந்த பொண்ணு நாய் எத்தனை?" என்று கேட்டேன்.

"போர்டுல ஒண்ணுதான் இருக்கு."

உள்ளிருந்து ஒரு பெண் பால்பொடி டப்பாவோடு வந்தார். சரியாகத் தூங்கி நாலு நாள் ஆன கண்கள். அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு குழந்தை, கன்னத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி. மேடம் எழுந்தார்.

"நாங்க குட்டி வாங்க வரலம்மா. உங்க பக்கத்து வீட்டுக்காரருக்காக வந்திருக்கோம்."

அந்த அம்மாவின் முகம் இறுகியது. "எழுதிக் குடுத்தாச்சு. இனிமே பேசறதுக்கு ஒண்ணுமில்ல."

"பேச வேண்டாம். இதை மட்டும் படிங்க."

அவர் படித்தார். ஒரு தடவை படித்தவர், மறுபடி படித்தார். பால்பொடி டப்பாவை மேஜை மேல் வைக்கப் போய் பாதி காற்றில் வைத்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

"பஞ்சுவை ரிட்டயர் ஆனவங்களுக்குக் குடுத்தேன்னு சொன்னாரே. ரெண்டே பேர், குழந்தையே வராத வீடுன்னு சொன்னாரே..." அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

மேடம் மடங்காத முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "என்ன நடந்துச்சு?"

"ஒவ்வொரு தடவையும் குட்டிங்களோட பாப்பாவை உக்காரவெச்சு படம் எடுப்போம். அதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் வருவாங்க. இந்தத் தடவை பஞ்சுவைக் கட்டிப்போட மறந்துட்டோம். மறக்கல. கட்டணும்னே தோணல." அவர் குழந்தையைப் பார்க்காமல் பேசினார். "பாப்பா ஒரு குட்டியைத் தூக்கினா. பஞ்சு ஒரு மாதிரி சத்தம் போட்டுது. உறுமுதுங்கன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். பஞ்சுவாவது உறுமறதாவது, கொட்டாவி விடுறான்னார். நான்தான் போனை வெச்சுக்கிட்டு, இன்னும் கிட்ட போ பாப்பான்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்."

"படம் இருக்கா?"

"அழிக்கச் சொன்னார். அழிக்கல."

பண்ணைக்காரர் வாசலில் வந்து நின்றார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். மனைவி கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"பஞ்சு கடிக்காதுடி. அன்னிக்கு ஏதோ..." என்றார்.

"அப்ப பாப்பாவுக்கு நாலு தையல் எப்படி வந்துது?" என்றார் மனைவி.

"அந்த ராட்வைலர் என்னிக்காவது ஒருநாள் கடிக்கத்தான் போகுது. அது எப்படியும்..." முடிக்க அவருக்கே தெம்பில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார். ஊரைக் கூட்டி நம்பவைத்ததை முதலில் அவரே நம்பியிருந்தார். நம்பினதை விடுவதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

மேடம் படிவத்தில் இருந்த எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

முகவரி ஊரின் தெற்குக் கோடி. காப்பகம் வடக்குக் கோடி. மணி நாலு அடிக்கப் பத்து நிமிஷம்.

"காப்பகத்துக்கு நீங்கதான் போகணும்மா. உங்க கையெழுத்துதான் செல்லும். அஞ்சு மணிக்குள்ள" என்றார் மேடம்.

அந்த அம்மா குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டார். குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே ஓடி வந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வெல்டர் தன் இரண்டு கதவுகளுக்குப் பின்னால் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு கணம் கை தயங்கியது.

"மேடம், நம்மைக் கூப்பிட்டது அவர். காப்பாத்த வேண்டியது அவர் நாயை."

"தெரியும்."

"அந்தம்மா போகலேன்னா?"

"தெரியும் வாயாடி. தெக்கால திருப்பு."

திருப்பினேன். வழியெல்லாம் சிக்னல். வெயில் முதுகில் உறைத்தது. பின்னால் மேடம் விடாமல் அந்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு சிக்னலில், யாரிடமோ பேசுவது போல, "அந்த ஆள் கெட்டவன் இல்ல. அதான் அலுப்பா இருக்கு. கெட்டவனா இருந்தா புடிச்சுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்" என்றார்.

மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. மேடம் முதல் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நீ முன்னாடி ஓடு. குழந்தையைத் தூக்கு. கத்தாத. நாயை நேருக்கு நேர் பாக்காத."

என் தொப்பையோடு மூன்று மாடி ஓடியது சரித்திரத்தில் எழுத வேண்டிய விஷயம். எழுத யாரும் இல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். கதவைத் திறந்தது ஓர் இளம் தகப்பன். கையில் தரை துடைக்கும் துணி. நாய்ப் பண்ணையிலிருந்து வருகிறேன் என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

"பாத்து வாங்க சார், தரை ஈரம். ரெண்டு நாளா நாய் ஈரம் பண்ணிக்கிட்டே இருக்கு."

ஈரம் வெள்ளையாக இருந்தது. அது பால்.

கூடத்தில் அவர் மனைவி தரையில் குப்புறப் படுத்து, போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பஞ்சு. அதன் முன்கால்களுக்கு நடுவில் ஒரு துணிக்கரடி, ஒரு கிலுகிலுப்பை, ஒரு ரப்பர் வாத்து, குழந்தையின் ஒற்றைக் காலுறை. எல்லாவற்றையும் வயிற்றோடு அணைத்து வைத்திருந்தது. அதை நோக்கி, தன் கரடியை நோக்கி, குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு பாசம் பாருங்க! பாப்பாவோட பொம்மையெல்லாம் அதுவே பொறுக்கி வெச்சுப் பத்திரமாப் பாத்துக்குது" என்றார் அந்தப் பெண், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தாழ்வாக, நீளமாக.

"பயப்படாதீங்க சார், கொட்டாவி" என்றார் அந்தத் தகப்பன். "பண்ணைக்காரர் முன்னாடியே சொல்லிட்டார், இந்த இனம் இப்படித்தான் சத்தம் போடுமாம்."

குழந்தையின் கை கரடியின் காதைத் தொட்டது.

நான் நாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் காலை விட்டேன், குழந்தையை இடுப்போடு அள்ளினேன். பஞ்சு பாய்ந்தது. பேண்ட் கிழிந்தது; உள்ளே நானும் கொஞ்சம் கிழிந்தேன். குழந்தை வீறிட்டது. நாய் உடனே விட்டுவிட்டுப் போய்க் கரடியின் மேல் படுத்துக்கொண்டது. அந்தப் பெண்ணின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிருந்தது. போன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

மேடம் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "குழந்தை?"

"முழுசா இருக்கு."

"நீ?"

"முக்கால்வாசி."

மேடம் எல்லாரையும் வெளியே வரச் சொல்லி, கூடத்துக் கதவை மெதுவாகச் சாத்தினார். "பொம்மையை யாரும் எடுக்கக்கூடாது. அதுகிட்டேயே இருக்கட்டும். கூட்டிட்டுப் போக ஆள் வரவரைக்கும் கதவு திறக்கக்கூடாது."

"இது குழந்தைங்க இருக்கற வீட்டுக்குன்னே உள்ள இனம்னு சொன்னாங்களே" என்றார் அந்தப் பெண். குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டிருந்தார்.

"இனம் நல்ல இனம்தாம்மா. இது ஏழு குட்டிக்கு அம்மா. முந்தாநாள் பிரிச்சுக் கொண்டுவந்திருக்காங்க. உங்க கையிலேருந்து இவனை யாராவது புடுங்கினா என்ன பண்ணுவீங்க? நானா இருந்தா இந்நேரம் நாலு பேரைக் கடிச்சிருப்பேன்." மேடம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். "எந்த நாயா இருந்தாலும் ஒரு பெரியவங்க நடுவுல இருக்கணும். போனைக் கீழ வெச்சுட்டு."

நாலு ஐம்பதுக்குக் காப்பகத்துக்குப் போன் செய்தோம். யாரும் எடுக்கவில்லை. காலில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நான் வண்டியை எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்று மேடம் சொன்னார். காப்பகத்திலும் டாக்டர்தானே என்றேன். ஐந்து மணி ஒரு சிக்னலில் கடந்துபோனது.

போய்ச் சேரும்போது ஐந்தரை. காப்பக டாக்டர் வெளிக்குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்துத் திண்டில் ஒரு தட்டு, அதில் ஓர் ஊசி. மேடம் வண்டியிலிருந்து இறங்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் துணியவில்லை.

"மருந்தை ஏத்தியாச்சு" என்றார் டாக்டர். அவரும் களைத்திருந்தார். "ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப அந்தம்மா வந்தாங்க. மூச்சே இல்ல. கையெழுத்தைப் போடறதுக்கு முன்னாடி அந்தப் படத்தைத்தான் காட்டினாங்க. இப்ப இதைக் கீழ கொட்டணும்."

மேடம் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான் அவருடைய சந்தோஷம். எனக்கு அழுகை வந்தது; கால் வலி என்று சொல்லிக்கொண்டேன்.

பண்ணைக்காரரின் மனைவி உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குழந்தை. எங்களைப் பார்த்ததும் எழுந்து, "அந்தக் குழந்தை?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லாயிருக்கு" என்றார் மேடம்.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்துவிட்டு, "பஞ்சுவைக் கூட்டிட்டு வர அவர் போயிருக்கார். போர்டைக் கழட்டிட்டுத்தான் போகணும்னு சொன்னேன்" என்றார்.

கூண்டுகள் பக்கமிருந்து வெல்டர் வந்தார். சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். சுத்தியலின் மூக்கில் வாய்க்கூடு. அவ்வளவு பெரிய நாய், அவர் காலோடு காலாக ஒட்டிக்கொண்டு நடந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன. பண்ணைக்காரரின் மனைவியைப் பார்த்ததும் சங்கிலியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

அப்போது குழந்தை பெஞ்சிலிருந்து நழுவி இறங்கினாள். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, நேராக நாயிடம் நடந்தாள். போர்டில் இருந்த அதே சாய்ப்பு. எந்த நாயைப் பார்த்தாலும் இப்படித்தான் போக வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். அம்மா எழுவதற்குள் பாதித் தூரம் போய்விட்டாள்.

வெல்டர் சங்கிலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, மறுகையை நீட்டினார்.

"அங்கேயே நில்லு பாப்பா. கிட்ட வரக்கூடாது. இது கடிக்கும்."

குழந்தை நின்றாள். நாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பஞ்சு கடிக்காதுன்னு அப்பா சொன்னாங்க. கடிச்சுது" என்றாள்.

"இதுவும் கடிக்கும். நான் சொல்றேன்ல."

அவள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு விரித்திருந்த கைகளை மடக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓரடி பின்னால் போய் நின்றாள்.